கிணறு பொது, அடுப்பு தனி

தம்பி,

இந்நேரம் நீயும் மருமகளும் மெட்ராஸில் வண்டி மாறி டெல்லி ரயிலில் உட்கார்ந்திருப்பீர்கள். உன் ஆத்தா கட்டிக் கொடுத்த மூட்டைகளில் எது உடைந்தது, எது ஒழுகியது என்று போய்ச் சேர்ந்ததும் அவளுக்கு எழுதிவிடு. இல்லாவிட்டால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பது நம் வீட்டுப் பழக்கம். அதே வீட்டுக்குள் ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு வருஷத்துக்கு வேண்டிய அரிசி பருப்பு என்று பிரித்துக் கொடுத்து, இனி உன் வரவு உன் செலவு, உன் குழம்பு உன் ருசி என்று விட்டுவிடுவோம். உன்னையும் அப்படி வீட்டின் இரண்டாங்கட்டில் வேறு வைத்திருக்க வேண்டியது. நீ அரசாங்க உத்தியோகம் என்று டெல்லிக்குப் புறப்பட்டுவிட்டாய். அவள் அடுப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டாள். ரயிலடியில் போர்ட்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சரி, அது போகட்டும்.

உன்னிடம் நேரில் சொல்ல வாய் வராத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். கல்யாணத்தன்று பந்தியில் என் பக்கம் குனிந்து, "ராசு மாமா எங்க அப்பச்சி, ஆளையே காணோம்?" என்று கேட்டாய். "ஊர்ல இல்லப்பா" என்றேன். அது பொய். ராசு ஊரில்தான் இருந்தான். அரியக்குடியில், பெருமாள் கோயிலுக்குப் பின் தெருவில், தன் வீட்டில் இருந்தான். நம் காரைக்குடியில் பஸ் ஏறினால் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம். நான் அவனுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. கானாடுகாத்தானில் யாரென்றே தெரியாதவர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமத்தோடு நானே போய் வைத்தேன். உன்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவனுக்கு வைக்கவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன். நீ சேரப்போகிற வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. கம்பெனிகள் ஒன்றோடு ஒன்று சேரலாமா, வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைக்கிறார்களா என்று பார்க்கிற ஆபீசில் நீ உட்காரப் போகிறாய். அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு தடவை நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம்மிடம் பேட்டரிப் பட்டறை இருந்தது உனக்கு நினைவிருக்கும். ஆசிட் பட்டு உன் பள்ளிக்கூட டவுசர் ஓட்டையானதும், ஆத்தா என்னைத் திட்டியதும்கூட நினைவிருக்கலாம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேட்டரி செய்தோம். அதே தொழிலை உன் பெரியப்பச்சி ரயிலடிக்குப் பக்கத்திலும், நம் பங்காளி வயிரவன் தேவகோட்டையிலும் செய்தார்கள். மூன்றுமே சின்னப் பட்டறைகள். மூன்று பேருக்கும் ஒரே வியாதி. சித்திரை வைகாசி வெயிலில் எங்கள் பேட்டரி தட்டு உதிர்ந்து செத்துப்போகும். மெட்ராஸ் கம்பெனிக்காரனிடம் ஆராய்ச்சிக்கென்று தனிக் கட்டடம் இருந்தது. எங்களிடம் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வெயில்தான் இருந்தது.

அப்போதுதான் ராசு வந்தான். விவசாயக் குடும்பம், அவர்கள் வீட்டில் முதன்முதலாக காலேஜ் போய் ரசாயனம் படித்தவன். வேலை கேட்டு வந்தவன் எனக்கே யோசனை சொன்னான். "ஆளுக்கொரு லேப் வைக்க உங்களால முடியாதுண்ணே. மூணு பேரும் சேந்து ஒண்ணு வைங்க. சேந்து ஆராய்ச்சி பண்ணுனா கவர்மெண்டும் மானியம் குடுக்கும். கண்டுபிடிக்கிறது மூணு பேருக்கும் பொது. அதுக்கு மேல அவுகவுக சாமர்த்தியம்" என்றான். எனக்குப் பிடித்துப்போயிற்று. ரயிலடி போகிற வழியில் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றைச் சுண்ணாம்படித்து லேப் ஆக்கினோம். அவனுக்கு மதியச் சாப்பாடு நம் வீட்டிலிருந்து போகும். உன் ஆத்தா கேரியரில் அடுக்கி வைப்பாள், பட்டறை வண்டிக்காரன் எடுத்துப் போவான். ராசு தனியாகச் சாப்பிட மாட்டான். வண்டிக்காரனையும் உட்கார வைத்துக்கொள்வானாம். அது தெரிந்த பிறகு கேரியரில் ஓர் அடுக்கு கூடிற்று.

ஒரு கோடை முழுதும் ஈயத்தோடும் ஆசிட்டோடும் மல்லுக்கட்டி அவன் ஒரு தட்டு செய்தான். வெயிலில் உதிராத தட்டு. அதைப் போட்ட பேட்டரி அடுத்த கோடையையும் தாண்டியது. வயிரவன் லேப்பிலேயே அவனைத் தூக்கிச் சுற்றினான். நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்த வருஷங்களில் எங்களைப் போல் ஒற்றுமையாக யாராவது தொழில் செய்தார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். அந்த ஒற்றுமையில்தான் புழு வைத்தது.

மாசம் ஒரு தடவை லேப்பில் கூட்டம். ராசு தட்டைப் பற்றிச் சொல்வான், நாங்கள் தலையாட்டுவோம். பிறகு மூன்று முதலாளிகளும் நம் வீட்டு வளவுத் தாழ்வாரத்தில் பந்தி போட்டு உட்காருவோம். பேச்சு அங்கேதான் விலைக்குப் போகும். ஈயம் ஏறிவிட்டதே என்று பெரியப்பச்சி தொடங்குவார். நீ ஏற்றினால் நானும் ஏற்றுகிறேன் என்பான் வயிரவன். பாயசம் வருவதற்குள் மூன்று பேருக்கும் ஒரே விலை முடிவாகிவிடும். இது தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, தம்பி. சத்தியமாகத் தோன்றவில்லை. கூடப் பிறந்தவர்கள், பங்காளிகள், ஓர் இலை வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறோம், இதில் என்ன குற்றம்? இலையில் கை வைத்துப் பேசிய பேச்சை மீறுவதுதான் எங்களுக்குக் குற்றம்.

ராசு ஒரு நாள் என்னிடம் தனியாகச் சொன்னான். "அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. லேப்பு நம்ம வீட்டுக் கிணறு மாதிரி. தண்ணிய எல்லாரும் எடுக்கலாம். ஆனா கொழம்ப அவுகவுக அடுப்புலதான வைக்கணும்? நீக என்னடான்னா கிணத்தடியில உக்காந்து மூணு கொழம்புக்கும் ஒரே உப்பப் போடுறீக." நான் சிரித்தேன். "உப்பு குறைச்சலா இருந்தாச் சொல்லுடா, போட்டுருவோம்" என்றேன். பிள்ளையை வேறு வைத்துத்தான் பிள்ளை உருப்படுகிறான் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த குடும்பம் நாம். ஒரே கூரை, ஒரே கிணறு, ஆனால் அடுப்பு தனி. ஒருத்தி வைத்த குழம்பு நன்றாக இருந்தால்தான் அடுத்தவளுக்கு ரோஷம் வரும். வீட்டில் தெரிந்த இந்த விஷயம் பட்டறையில் எனக்குத் தெரியவில்லை.

தேவகோட்டையில் ஒற்றை பஸ் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர். பேட்டரி வாங்க வந்து விலையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினார். "கட்டலைன்னா அங்குட்டுப் போயி விசாரிச்சுப் பாருங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். மனுஷன் வேகாத வெயிலில் மற்ற இரண்டு பட்டறையும் ஏறி இறங்கிவிட்டு சாயங்காலம் திரும்பி வந்தார். "அங்குட்டும் இதே வெலதான் சொல்றாக" என்றார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பேட்டரியை வாங்கிக்கொண்டு போய் மெட்ராஸுக்கு ஒரு மனு எழுதிப் போட்டார்.

வியாபாரம் சிலர் கைக்குள் அடங்கிவிடக் கூடாது, விற்கிறவர்கள் கூடி விலை கட்டக் கூடாது என்று அப்போதுதான் புதுச் சட்டம் வந்திருந்தது. அது பம்பாய் கல்கத்தா முதலாளிகளுக்கு, நமக்கென்ன என்று இருந்தோம். ஒரு நாள் விசாரணைக்கு ஆபீசர் வந்து பயணியர் விடுதியில் இறங்கி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர், மெதுவாகப் பேசுவார். "மூன்று பேரும் எப்போதும் ஒரே தேதியில் விலையை ஏற்றியிருக்கிறீர்களே, எப்படி?" என்றார். உன் பெரியப்பச்சி பட்டென்று, "அன்னைக்கு நல்ல நாள் சார்" என்றார். உண்மை அதுதான். பஞ்சாங்கம் பார்த்துத்தான் ஏற்றினோம். ஆபீசர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அடுத்து என்னைக் கேட்டார். "லேப் கூட்டத்தில் விலை பேசுவதுண்டா?" நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "லேப்பில் ஆசிட்டும் ஈயமும் தவிர வேறு பேச்சே கிடையாது சார்" என்றேன். ஒரு வார்த்தை பொய் இல்லை, கவனித்தாயா? அந்தச் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அதே கேள்வியை ராசுவிடம் கேட்டார். அவன் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தான். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லேப்புல பேச மாட்டாக சார். அண்ணன் வீட்டுல சாப்புடுறப்பப் பேசுவாக" என்றான். நான் என் நாற்காலியை அவனை விட்டு நகர்த்திப் போட்டேன். சிமெண்டுத் தரையில் அது போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆபீசர் நல்லவர். இதை நீ குறித்துக்கொள். எங்களைத் தூக்கில் போடவில்லை. "சேர்ந்து ஆராய்ச்சி செய்வது நல்ல காரியம், அதை விடாதீர்கள். விலை பேசுவதை மட்டும் விடுங்கள். இந்தத் தொழிலில் இருக்கிற மற்ற சின்னப் பட்டறைக்காரர்கள் சந்தா கட்டி லேப்பில் சேர வந்தால் கதவைத் திறந்து வையுங்கள். கூட்டத்தில் பேசியதை எழுதி வையுங்கள்" என்றார். அவ்வளவுதான். நாங்கள் சரி என்றிருந்தால் இன்றைக்கு அந்த லேப் நூறு பட்டறைக்குச் சோறு போட்டிருக்கும். ஆனால் எங்களுக்குக் காது அடைத்துவிட்டது. நம் வீட்டுப் பந்தியில் என்ன பேசலாம் என்று சர்க்கார் சொல்வதா? அந்நியனுக்குக் கதவைத் திறப்பதா? அதுவும் நம் சோற்றைத் தின்றவன் வாயாலே சபையில் தலைகுனிவா? "அப்படி ஒரு லேப்பு வேணாம், பூட்டுங்கடா" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். மறுநாள் காலையிலேயே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ராசு அரியக்குடிக்கே போய்விட்டான், லேப்புக்குக் கேரியர் போவதும் நின்றது, நான் ஏதோ ஜெயித்தவன் மாதிரி நடந்தேன்.

கிணற்றை மூடினால் அடுப்பு எத்தனை நாள் எரியும்? வெயில் தாங்கும் தட்டைப் பக்குவம் பார்த்துச் சரிசெய்ய ஆளில்லை. ஆளுக்கொரு விதமாகச் செய்தோம், ஆளுக்கொரு விதமாகக் கெட்டது. இரண்டு மூன்று வருஷத்தில் மெட்ராஸ் பெரிய கம்பெனி மூன்று பட்டறையையும் வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ள வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனி இன்னொன்றைச் சேர்ப்பதற்கு டெல்லி அனுமதி வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஆட்சேபம் எழுதியது ஒரே ஆள். ராசு. இந்த மூன்றும் போனால் தெற்கே அந்தக் கம்பெனியை விட்டால் வேறு பேட்டரி இருக்காது, லேப்பைத் திறந்து விட்டால் பட்டறைகள் பிழைக்கும் என்று எழுதியிருந்தான். டெல்லியிலிருந்து எங்களைக் கேட்டார்கள். எங்களுக்கு ஆட்சேபமில்லை, பூரண சம்மதம் என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். விற்கிறவனே சம்மதம் என்கிறபோது வெளியில் நிற்கிறவன் பேச்சு ஏறுமா? பட்டறைகளைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் மூடக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டு அனுமதி கொடுத்துவிட்டார்கள். கெடு முடிந்த மாசமே கம்பெனிக்காரன் மூடினான். ராசு செய்த தட்டு கம்பெனி அலமாரிக்குள் போனது போனதுதான். இரண்டு கோடை உழைக்கிற பேட்டரியை எதற்குச் செய்ய வேண்டும்? வாங்குகிறவனுக்கு வேறு கடை இல்லையே! அந்தத் தேவகோட்டை பஸ்காரரைக் கொஞ்ச நாள் கழித்து சந்தையில் பார்த்தேன். பஸ்ஸை விற்றுவிட்டாராம். "இப்ப அங்குட்டுப் போயும் கேக்க முடியாதுல்ல" என்றார். கோபம்கூட இல்லை அவர் குரலில். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், அந்தக் கதைதான் என் கதை.

இவ்வளவும் போனதற்கு நான் வருத்தப்படுகிறேன். ஆனால் என்னைத் தின்றுகொண்டிருப்பது அந்த நாற்காலிதான். நிஜத்தைச் சொன்னவனை விட்டு, ஊர் பார்க்க, தள்ளி உட்கார்ந்தேனே. அதை அவன் மன்னிக்க மாட்டான் என்றுதான் எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பினேன். அதனால்தான் பத்திரிகை வைக்கவில்லை. என்ன முகத்தோடு போய் அவன் வாசலில் நிற்பது?

இதுவரைக்கும் எழுதி மடித்து வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்ததும் ஒரு யோசனை வந்தது. அவனைப் பற்றி எழுதியதை அவனுக்குத் தெரியாமல் உனக்கு அனுப்புவது அந்தப் பந்திப் பேச்சு மாதிரிதானே? கடிதத்தை எடுத்துக்கொண்டு அரியக்குடி பஸ்ஸில் ஏறினேன். ராசுவுக்குத் தலை பூராவும் நரைத்துவிட்டது. வாசலிலேயே நின்றேன். "வாங்கண்ணே, உள்ள வாங்க, ஏன் அங்கேயே நிக்கிறீக?" என்றான். பதினைந்து வருஷம் என்பது அவன் குரலில் இல்லை. "உங்க மகனுக்குக் கல்யாணமாமே, நல்லபடியா முடிஞ்சதா?" என்று கேட்டான். எனக்கு உயிர் போயிற்று. கடிதத்தைப் பிரித்து முழுக்கப் படித்தேன். நாற்காலி வந்த இடத்தில் அதே வரியை இரண்டு தடவை படித்தேன்.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "நாற்காலிய நகத்துனீகளா? எப்பண்ணே? நான் கவனிக்கவே இல்லையே" என்றான்.

தம்பி, பதினைந்து வருஷமாக நான் சுமந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது.

"பின்னே என் மேல உனக்கு வருத்தமே இல்லையாடா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. "இருக்குண்ணே. லேப்பப் பூட்டுன அன்னைக்கு எனக்குச் சேதி தெரியாது. எப்பவும் போல வந்துட்டேன். பூட்டுத் தொங்குது. சரி, அண்ணனுக்குக் கோவம், ரெண்டு நாள்ல ஆறிரும்னு வாசப்படியில உக்காந்திருந்தேன். மத்தியானம் ஆச்சு. எவ்வளவு கோவம்னாலும் ஆச்சி சோறு அனுப்பாம இருக்க மாட்டாகன்னு நெனச்சேன். வண்டி வர்ற வழியவே பாத்துக்கிட்டு இருந்தேன். பொழுது சாஞ்சிருச்சு. கேரியர் வரல. அப்பத்தான் எந்திரிச்சுப் போனேன்" என்றான்.

மேலே இந்தக் கடிதத்தில் அதை எப்படி எழுதியிருக்கிறேன் என்று திருப்பிப் பார். போகிற போக்கில் அரை வரி. நான் நிறுத்தச் சொல்லவில்லை. அனுப்பச் சொல்லவும் இல்லை. அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

உன் மேசைக்கு முன்னால் தினமும் பெரிய மனுஷர்கள் வந்து உட்கார்வார்கள். இன்னது செய்தோம், இன்னது செய்யவில்லை என்று அழகாகச் சொல்வார்கள். என்னைப் போல் தப்பைக்கூட அழகாக ஒத்துக்கொள்கிறவர்கள் வருவார்கள். கேட்டுக்கொள். அதன் பிறகு, அவர்களால் பட்டவன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்து அவனையும் கூப்பிட்டுக் கேள். செய்தவனுக்குத் தான் செய்தது என்னவென்று தெரியாது.

புறப்படும்போது, "நாளைக்கு மத்தியானம் கேரியர் அனுப்பட்டுமா ராசு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. அவன் சிரித்தான். "இப்பப் போயி அனுப்புறேங்கிறீகளே! எனக்குச் சர்க்கரைண்ணே. ஆச்சி சாப்பாடெல்லாம் இனி ஒத்துக்கிறாது. மத்தியானம் கேப்பைக் கஞ்சிதான்." சொல்லிவிட்டு உள்ளே போனான். சொம்போடு திரும்பி வந்து, தன் கஞ்சியில் பாதியை இன்னொரு கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்தான்.

நான் குடித்தேன், தம்பி.

அப்பச்சி